கதவைத் தாழிட்டாயா?

மயிலாப்பூரில் நமது நண்பர் ஒருவருடைய வீட்டில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. இரவு பத்து மணி அடித்ததும் படுக்கையில் இருந்தபடியே, "வாசற்கதவைத் தாழிட்டாயா?" என்று கேட்பார். "ஆச்சு, அம்மா" என்பார் நண்பர். "கொல்லைக் கதவு?" "அதுவும் ஆச்சு." "மாடிக் கதவு?" "அதுவுந்தான்." இந்தக் கேள்வியும் பதிலும் அந்த வீட்டில் நாற்பது வருஷமாகத் தவறாமல் நடந்து வருகின்றன. நண்பருக்குக் கல்யாணம் ஆன அன்று இரவுகூட நடந்ததாகக் கேள்வி.

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், மூன்று கதவுகளும் தாழிட்டிருந்த அந்த வீட்டுக்குள்ளே ஓர் அந்நியன் பல வாரங்களாக வந்து போய்க்கொண்டிருந்தான் என்ற சங்கதி வெளியாயிற்று. அவன் சுவர் ஏறிக் குதிக்கவில்லை, ஓட்டைப் பிரிக்கவில்லை. நண்பருடைய பிள்ளையாண்டானின் போர்வைக்குள்ளே, உள்ளங்கை அகலமுள்ள ஒரு கண்ணாடி வழியாக வந்து போனான்.

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில நாள் யோசித்தோம். நண்பரே, "எழுதுங்கள். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தோம்.

பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அவனிடம் கைப்பேசி வந்த கதை நம்மில் பலருடைய வீட்டுக் கதைதான். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. இடையில் ஒன்றரை வருஷத்துக்கு மேல், பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குத் தகப்பனாரின் பழைய கருவி ஒன்று கிடைத்தது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. கருவியைத் திருப்பிக் கேட்கும் தைரியந்தான் ஒருவருக்கும் வரவில்லை. வீட்டுப் பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று காரணமும் ஒன்று இருந்தது.

நம் நாட்டில் பொதுமக்கள் இன்டர்நெட்டை உபயோகிக்க முதன் முதல் வழி செய்தது 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி. சுதந்திர தினத்தையே பொறுக்கி எடுத்தார்கள். அந்த நாளில் மேஜைமேல் ஒரு பெரிய பெட்டி, தொலைபேசிக் கம்பி, கிரீச்சென்று ஒரு சத்தம் எல்லாம் உண்டு. குழந்தை அதனிடம் போனால் வீடு முழுவதற்கும் தெரியும். இப்போது சத்தமும் இல்லை, கம்பியும் இல்லை, மேஜையும் இல்லை. 2016-க்குப் பிறகு செலவும் அதிகம் இல்லை.

பையன் சாயங்காலங்களில் ஒரு விளையாட்டு விளையாடுவான். நாலு பேர் ஒரு கட்சியாகச் சேர்ந்து துப்பாக்கியுடன் ஓடுகிற விளையாட்டு. ஆடும்போதே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். அதில் ஒருவன் இவனுடன் சிநேகமானான். தான் கோயமுத்தூர்ப் பக்கம் என்றும், பத்தாவது படிக்கிறேன் என்றும் சொன்னான். இவன் அவனை "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்தான். அண்ணா இவனுடைய பொம்மை வீரனுக்கு ஓர் அழகான சட்டை வாங்கிக் கொடுத்தான். நிஜச் சட்டை அல்ல. திரையில் மட்டும் தெரிகிற சட்டை. ஆனால் அதற்குக் கொடுத்தது நிஜப் பணம்.

இந்தச் சட்டை விஷயத்தை நேயர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிள்ளை பிடிக்கிறவன் என்றால் நம் மனத்தில் கோணி மூட்டையும் தாடியும் உள்ள ஓர் ஆள் தோன்றுகிறான். குழந்தைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருப்பதும் அந்த ஆளைப் பற்றித்தான். இவனோ சிரித்துப் பேசினான். ஆட்டத்தில் தோற்றபோது தேற்றினான். கணக்குப் பரீட்சை எப்படி என்று விசாரித்தான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அப்பா எப்படிப்பட்டவர் என்றும் விசாரித்தான். "அப்பா ரொம்பக் கோபக்காரர். இன்னொரு தடவை ராத்திரி போனும் கையுமாகப் பார்த்தால் போனை உடைத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறார்" என்று பையன் கள்ளங்கபடில்லாமல் சொல்லிவிட்டான். அந்த ஒரு வாக்கியத்தை அவன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம், "இங்கே பேசினால் எல்லோரும் கேட்கிறார்கள், வேறு செயலிக்கு வா" என்று அழைத்துப் போனான். வலை வீசுகிறவர்கள் அநேகமாகச் செய்கிற காரியம் இது. நாலு பேர் நடமாடும் இடத்திலிருந்து ஒருவரும் இல்லாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டு போவது. பின்பு பந்தயம் என்று ஆரம்பித்து, ஒரு படம் கேட்டான். அனுப்பியிருக்கக் கூடாத படம் என்று சொன்னால் போதும். அதற்குமேல் இங்கே எழுதப் போவதில்லை. படம் போன பத்தாவது நிமிஷம் அண்ணாவின் குரல் மாறிவிட்டது. "பணம் அனுப்பு. இல்லாவிட்டால் இது உன் வகுப்புப் பையன்கள் எல்லோருக்கும் போகும். உன் அப்பாவுக்கும் போகும். அவர் போனை மட்டுமா உடைப்பார்?"

பன்னிரண்டு வயதுப் பையனிடம் பணம் ஏது என்று கேட்கலாம். பாட்டியம்மாளுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. கண் சரியாகத் தெரியாததால் மின்சாரக் கட்டணம், மருந்துக் கடைப் பாக்கி எல்லாவற்றையும் பாட்டியின் கைப்பேசியிலிருந்து யு.பி.ஐ. மூலம் அனுப்புவது பேரன்தான். ரகசிய எண் பாட்டிக்கு மறந்து போகும், பேரனுக்கு மறக்காது. "எங்கள் குழந்தை எவ்வளவு சமர்த்து!" என்று அந்த வீட்டில் நம்மிடமே பெருமையடித்துக் கொண்டதுண்டு. அந்தச் சமர்த்து வழியாகவே முதலில் ஐந்நூறு ரூபாய் போயிற்று. பிறகு இரண்டாயிரம். பிறகு ஐயாயிரம். நாலாவது தடவை நாலாயிரம்.

கண்டுபிடித்தது பாங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி அல்ல; மோர்க்குழம்பு. பையனுக்கு உயிரான அந்தப் பதார்த்தத்தை இலையில் ஒதுக்கிவிட்டு எழுந்தான். அன்று இரவு கதவுக் கேள்விகள் முடிந்த பிறகு பாட்டி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "என்னடா கண்ணா, என்ன உடம்புக்கு?" என்றார். அவன் அழ ஆரம்பித்தான். அரை மணி நேரம் அழுதுவிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

நண்பர் விஷயம் தெரிந்ததும் கையை ஓங்கிக்கொண்டு வந்தாராம். இதை அவரே நம்மிடம் வெட்கத்துடன் சொன்னார். பாட்டியம்மாள் குறுக்கே நின்று, "அவன் மேலே கை வைக்காதே. குழந்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கான். இன்னிக்கு அடிச்சேன்னா, இனிமேல் எதையும் சொல்ல மாட்டான்" என்றாராம்.

அந்நியன் அந்த வீட்டில் உபயோகித்த ஆயுதம் எது என்று யோசித்துப் பார்த்தோம். படம் அல்ல. படத்தைக் காட்டிலும் வலுவான ஆயுதம் தகப்பனாருடைய கோபம். நண்பர் நல்ல மனுஷர். போனை உடைத்திருக்க மாட்டார், அதற்குக் கொடுத்த பணம் அவருக்குத் தெரியும். ஆனால் உடைப்பேன் என்று சொன்ன வார்த்தை, முகம் தெரியாத ஒருவன் கையில் சாட்டையாக மாறி, பிள்ளையை வாய்மூடி வைத்திருந்தது. "தப்பு என்ன செய்திருந்தாலும் என்னிடம் சொல், சொன்னதற்காகத் தண்டிக்க மாட்டேன்" என்று அவர் முன்பே ஒரு நாள் சொல்லியிருந்தால், முதல் ஐந்நூறோடு போயிருக்கும். அல்லது அதுகூடப் போயிராது.

இனி, அன்று இரவு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறோம். இது எந்த வீட்டிலும் உதவக்கூடும். இரவு பதினோரு மணிக்கு 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். இணைய மோசடியில் பணம் இழந்தவர்களுக்காக நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. திருட்டுப் பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை; மணிக்கணக்குக்குள் நாலைந்து கணக்குகளுக்குத் தாவிவிடும். ஆகவே "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்தால் பிரயோஜனமில்லை. அன்று மாலை அனுப்பிய நாலாயிரத்தை வழியில் நிறுத்த முடிந்தது. முந்தைய ஏழாயிரத்து ஐந்நூறு போனது போனதுதான்.

மத்திய உள்துறை நடத்தும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் எழுதினார்கள். குழந்தைகளைப் பற்றிய ஆபாசக் குற்றங்களை அங்கே பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். பையனைப் பேச விட்டு மனத்தைத் தேற்ற 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. நண்பர் முதலில் செய்யப் பார்த்த காரியம், அருவருப்பு தாங்காமல் எல்லாச் செய்திகளையும் அழித்துவிடுவது. நல்ல வேளை, அவருடைய மனைவி தடுத்தார். மிரட்டல் செய்திகள், அவனுடைய கணக்கின் பெயர், பணம் போன விவரம் எல்லாம் சாட்சியம். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அவனைத் தடை செய்ய வேண்டும். மேற்கொண்டு ஒரு காசு அனுப்பக் கூடாது. பணம் கொடுத்தால் விட்டுவிடுவான் என்பது வீண் நம்பிக்கை. கொடுக்கிறவனைத்தான் மறுபடி மறுபடி கேட்பான்.

"போலீஸ் என்று போனால் குழந்தையின் பெயர் கெட்டுப் போகுமே" என்று நண்பரின் மனைவி கலங்கினார். நியாயமான கலக்கம். 2012 நவம்பர் 14-ம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்த போக்ஸோ சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இருப்பது பலருக்குத் தெரியாது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயோ, அது விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரையில் பெண் அதிகாரி செய்ய வேண்டும். அதிகாரி அப்போது போலீஸ் உடுப்பில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. கணினி மூலமாகவோ கைப்பேசி மூலமாகவோ கெட்ட நோக்கத்துடன் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே அந்தச் சட்டப்படி குற்றம். அந்த வீட்டுக்கு வந்த பெண் அதிகாரி சாதாரணப் பருத்திப் புடவையில் வந்தார். பாட்டியம்மாள் அவரை யாரோ பள்ளிக்கூடத்து டீச்சர் என்று எண்ணிக் காபி கலந்து கொடுத்தாராம்.

படம் வெளியே பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் ஓரளவு மருந்து இருக்கிறது. காணாமற்போன குழந்தைகளுக்காக அமெரிக்காவில் உழைத்துவரும் ஒரு நிலையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவச ஏற்பாட்டை நடத்துகிறது. எந்த நாட்டுக் குழந்தைகளும் அதை உபயோகிக்கலாம். இதில் அழகு என்னவென்றால், படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படம் நம் கைப்பேசியிலேயே இருக்கும். கைரேகை போன்ற ஓர் எண் அடையாளம் மட்டும் அதிலிருந்து தயாராகிப் போகும். ஏற்பாட்டில் சேர்ந்துள்ள சமூக வலைத்தளங்கள் அந்த ரேகையுள்ள படத்தைத் தங்கள் தளத்தில் தேடி அகற்றும். சேராத தளங்களில் இது செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்படிப்பட்ட காட்சி ஏதாவது நமக்கு வந்து சேர்ந்தால், "ஜாக்கிரதை, எல்லோரும் பாருங்கள்!" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி வைக்கும் பரோபகாரிகள் உண்டு. அது உபகாரம் அல்ல, குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு. வெறுமே வைத்திருந்து பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை ஹைகோர்ட் 2024 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. அதே வருஷம் செப்டம்பர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

பூட்டு, தாழ்ப்பாள் சமாசாரத்துக்கு வருவோம். அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கூகிள் நிறுவனத்தின் 'ஃபேமிலி லிங்க்' இருக்கிறது. ஆப்பிள் கருவிகளில் 'ஸ்கிரீன் டைம்' இருக்கிறது. எந்தச் செயலியை வைக்கலாம், எத்தனை நேரம், எத்தனை மணிக்குக் கருவி உறங்க வேண்டும் என்பதைத் தாய் தந்தையர் தங்கள் கைப்பேசியிலிருந்தே தீர்மானிக்கலாம். வீட்டு வை-ஃபை ரூட்டரில் டி.என்.எஸ். என்று ஓர் இடம் உண்டு, அதில் 1.1.1.3 என்ற எண்ணை எழுதி வைத்தால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை அந்த வீட்டில் திறவா. விளையாட்டுகளில் முன்பின் தெரியாதவர்கள் பேசுவதை நிறுத்திவைக்க அநேகமாக ஒரு விசை இருக்கும். யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பேரன் பேத்திகளிடம் சொல்லாதிருக்க எந்த விசையும் தேவையில்லை.

ஆனால் பூட்டின் யோக்கியதையும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு ரூட்டரில் போட்ட தடை, கைப்பேசி தன் சொந்த சிம் மூலம் இன்டர்நெட்டுக்குப் போனால் செல்லாது. பக்கத்து வீட்டுச் சிநேகிதனின் கருவியில் நம் பூட்டு இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பூட்டு முக்கால் பங்கு காவல். பதின்மூன்று வயதுக்குக் கால் பங்குகூட இல்லை. அந்தப் பதின்மூன்று என்ற கணக்குமே நம்முடையதல்ல. பதின்மூன்று நிரம்பாத குழந்தைகளின் விவரங்களைத் தாய் தந்தையரின் சம்மதமின்றிச் சேகரிக்கக் கூடாது என்று 1998-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள்; சமூக வலைத்தளங்களின் வயது வரம்பு அதிலிருந்து வந்தது. நம் நாட்டில் 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு நிரம்பாதவர் எல்லோரையும் குழந்தை என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக அமலுக்கு வர வேண்டும்.

"இந்தப் பீடைகளையே அடியோடு தடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தடுத்தும் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் மதுரையிலுள்ள ஹைகோர்ட் கிளை, குழந்தைகளின் நலத்தைக் கருதி டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த மாதமே தடை நீங்கிற்று. 2020 ஜூன் 29-ம் தேதி, வேறு காரணங்களுக்காக, மத்திய சர்க்கார் அதை நாடு முழுவதும் தடை செய்தது. பத்து நாளைக்குள் 'ரீல்ஸ்' என்ற பெயரில் அதே மாதிரிக் குட்டிப் படங்கள் இன்ஸ்டாகிராமில் வந்து இறங்கின. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயது நிரம்பாதவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டங்கள் வரட்டும், நாம் வரவேற்கிறோம். ஆனால் நமது நண்பரின் பிள்ளையிடம் "அப்பா கோபித்தாலும் சொல்லலாம்" என்று எந்தப் பார்லிமெண்டும் வந்து சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்மார்கள் கோபிக்கக் கூடாது. குழந்தை பிறந்த நாள் முதல் அதன் படத்தை ஊருக்கெல்லாம் காட்டுகிறவர்கள் நாம்தான். பள்ளிக்கூடச் சீருடையுடன், மார்பில் பள்ளியின் பெயர் தெரியும்படி, "எங்கள் செல்லத்துக்கு இன்று எட்டு வயது!" என்று வெளியிடுகிறோம். பெயர், வயது, பள்ளிக்கூடம், முகம் நான்கும் ஒரே படத்தில் கிடைத்துவிட்டன. இப்போது செயற்கை நுண்ணறிவு யந்திரங்களால் சாதாரணப் படத்தையே அசிங்கமாக மாற்ற முடிகிறது. திருஷ்டி பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்த நம் பாட்டிமார்கள், லட்சம் கண்கள் பார்க்கும்படி குழந்தையைத் தெருவில் நிறுத்துவதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

நண்பர் வீட்டில் இப்போது சில மாறுதல்கள் ஏற்பட்டிருக்கின்றன. பையனிடமிருந்து கைப்பேசியை அடியோடு பிடுங்கிவிடவில்லை. முதல் மாதம் அவனே அதைத் தொடவில்லை என்பது வேறு விஷயம். கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் தட்டு வைத்திருக்கிறார்கள். இரவு ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் அதில் வந்து உறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பையனுடைய யோசனை அது. ஒரே ஒரு நிபந்தனையும் போட்டானாம்: எல்லாக் கைப்பேசிகளும் என்றால் எல்லாந்தான்.

போன வெள்ளிக்கிழமை இரவு நாம் அங்கே சாப்பிடப் போயிருந்தோம். இடையில் பையன் எழுந்து வந்து தகப்பனாரிடம் தன் கைப்பேசியை நீட்டி, "அப்பா, யாரோ தெரியாதவன் 'ஹாய்' என்று போட்டிருக்கான்" என்றான். நண்பர் வாங்கிப் பார்த்தார். "என்ன செய்யலாம் என்கிறாய்?" என்று கேட்டார். "பிளாக் பண்ணிடறேன்." "சரி." அவ்வளவுதான். பையன் மறுபடி பாயசத்துக்குப் போய்விட்டான். முன்பாக இருந்தால் நண்பர், "இந்த நேரத்தில் உனக்கு போன் எதற்கடா?" என்று தொடங்கியிருப்பார். அன்று அந்த வாக்கியம் தொண்டை வரை வந்ததையும், அவர் அதைப் பாயசத்தோடு விழுங்கியதையும் நாம் நேரில் பார்த்தோம்.

நாம் புறப்படும்போது மணி பத்து. உள்ளேயிருந்து பாட்டியம்மாளின் குரல் கேட்டது.

"வாசற்கதவைத் தாழிட்டாயா?"

"இதோ, அம்மா."

"கொல்லைக் கதவு?"

"ஆச்சு."

"மாடிக் கதவு?"

"ஆச்சு."

"தட்டிலே போன் எத்தனை இருக்கு?"

பையன் எண்ணிப் பார்த்தான். "மூணுதான் இருக்கு, பாட்டி. அப்பாவோடதைக் காணோம்."